தேர் மரத்தின் உள்ளே ஒருமுறை பார்த்துவிடுங்கள்: ஒரு திறந்த மடல்

அறநிலையத்துறை ஆணையர் அவர்களுக்கும், ஊர்தோறும் தேர்த் திருப்பணிக் குழுக்களில் இருக்கும் பெரியவர்களுக்கும், தேர் கட்டும் ஸ்தபதிகளுக்கும், ஆசாரிமார்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். 16 வருடமாக மனித உடம்பின் குறுக்குவெட்டுப் படங்களோடுதான் என் பகலும் பாதி இரவும் கழிகிறது. அப்பா தச்சர். நிலை, கதவு, கட்டில் என்று தொடங்கியவர், கடைசி 20 வருடம் தேர் வேலைக்கு மட்டுமே போனார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகப் போய் உட்கார்ந்தது தேர்க் கொட்டகையில்தான். இழைப்புளியிலிருந்து சுருண்டு விழும் இலுப்பைச் சீவலை அள்ளி மடியில் போட்டு விளையாடியிருக்கிறேன். அந்த வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் திரும்பிப் பார்த்துவிடுவேன். இந்த இரண்டு வேலையையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். தேரில் ஏற்றப்போகும் முக்கியமான மரத்தையும், கெட்டுவிட்டது என்று தேரிலிருந்து இறக்கப்போகும் பழைய மரத்தையும் எக்ஸ்ரே எடுத்து உள்ளே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், என் கண்முன் நடந்த இரண்டு விஷயங்கள். ஊர்ப் பெயரோ கோயில் பெயரோ சொல்ல விரும்பவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த எல்லாரும் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து நல்ல மனதோடுதான் முடிவெடுத்தார்கள்.

முதலாவது, நல்ல மரம் அடுப்புக்குப் போன கதை. பழைய தேர் அது. கொட்டகையின் கூரை உடைந்து நாலைந்து மழைக்காலம் நனைந்திருந்தது. திருப்பணி தொடங்கியபோது, தேரின் மர அடுக்குகளில் ஒன்றான நடகாசனத்துச் சட்டங்களில் கூர்மையான ஆணியை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். அரை விரல் ஆழத்துக்கு மெத்தென்று இறங்கியது. "மொத்தமும் போச்சு" என்று முடிவாகிவிட்டது. சட்டங்களோடு சேர்ந்து யாளியும் கொடிக்கருக்கும் செதுக்கிய பலகைகளும் இறங்கின. அன்னதானத்துக்கு விறகு வேண்டியிருந்தது. அறுக்கும்போது அப்பா அங்கே இருந்தார். மேலே ரம்பம் வாழைத்தண்டில் இறங்குவதுபோல இறங்கியிருக்கிறது. இரண்டு அங்குலம் தாண்டியதும் கிறீச்சென்று நின்றுவிட்டது. உள்ளே செக்கச்செவேலென்று வைரம் பாய்ந்த இலுப்பை. இன்னும் மூன்று தலைமுறை தாங்கியிருக்கும் என்று அப்பா சொன்னார். அதற்குள் பாதிக்கு மேல் துண்டு போட்டாகிவிட்டது. ஒரு முழத் துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது, கெட்ட மரம் மேலே ஏறிய கதை. இது வேறு ஊர், புதுத் தேர். தேரின் அடிப்பகுதியான பூதப்பாருக்கு வந்த தேக்குச் சட்டம் ஒன்று பார்க்க அவ்வளவு அழகு. நாலு பக்கமும் ஒரு கணுகூட இல்லை. அப்பா சுத்தியலால் தட்டிக்கொண்டே போனவர், ஓர் இடத்தில் நின்றார். மறுபடி தட்டினார். "இங்க மரம் பேசல" என்றார். மேற்பார்வைக்கு வந்திருந்த இன்ஜினியர் நல்ல மனிதர், அப்பாவிடம் மரியாதையாகத்தான் கேட்டார்: "பெரியவரே, சத்தம் குறையுதுன்னு நான் என்னன்னு எழுதுறது?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சட்டம் ஏறியது. மூன்றாம் வருடத் தேரோட்டத்தில் முனை திரும்பும்போது அந்த இடத்தில்தான் விண்டது. தேர் ஒரு பக்கம் சாய, முட்டுக்கட்டை போடுகிறவர் ஒருவரின் பாதம் நசுங்கியது. பிறகு சட்டத்தைப் பிளந்து பார்த்தால், உள்ளே பிடி அளவுக்குப் பொந்து. மரம் இளசாக இருந்தபோது ஒடிந்துபோன கிளையின் அடிக்கட்டை அழுக, அதன் மேல் மரம் வளர்ந்து மூடிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு தழும்புகூட இல்லை.

இந்த இரண்டாவது சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இன்ஜினியரின் கேள்விதான் ஞாபகத்துக்கு வரும். அப்பாவின் காது சரியாகத்தான் கேட்டது. அதைக் காகிதத்தில் வைக்க வழி இல்லாமல் போனது. அந்த வழி என் வேலை இடத்தில் தினமும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. அது எனக்கு உறைத்தது அப்பா போன பிறகுதான்.

அவர் கொண்டுவந்த முழத் துண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் பல வருடம் கிடந்தது. ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு போய், டாக்டரிடம் அனுமதி கேட்டு, கடைசி நோயாளி போன பிறகு மேசையில் துணி விரித்து வைத்தேன். வயிற்றுக்கு எடுக்கும் அமைப்பிலேயே எடுத்தேன், 120 கிலோவோல்ட், 1 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டு வெட்டாக. படம் வரத் தொடங்கியதும் நான் நாற்காலியில் உட்காரவில்லை, எழுந்து நின்றுவிட்டேன்.

நடுவில் வைரம் வெளேரென்று, ஒரே சீராக. அதைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு மங்கலான சாம்பல் வளையம். அதுதான் ஆணி இறங்கிய இடம். இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு கத்தியால் கீறியதுபோல இருந்தது. மேற்புறத்தில் கடுகு அளவு ஓட்டைகள் மூன்று. படத்தை ஒவ்வொரு வெட்டாக நகர்த்தினால், அந்த மூன்று ஓட்டையும் உள்ளே போய்க் கிளை பிரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மறுபடி பிரிகின்றன. வண்டு போன வழி. சில இடங்களில் அந்த வழி கறுப்பாக, வெறும் காற்றாக இருந்தது. சில இடங்களில் சாம்பல் நிறம், வண்டு துப்பிய மாவு அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு வழிகூட வைரத்துக்குள் போகவில்லை. எல்லைக்கோடு வரை வந்து, அங்கேயே பக்கவாட்டில் திரும்பிவிட்டன. மூலையில் ஒரு பழைய இரும்பு ஆணி மட்டும் நட்சத்திரம்போலக் கதிர் சிதறிக் கொஞ்சம் படத்தைக் கெடுத்திருந்தது.

எங்கள் மெஷினில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் என்றால் 0, காற்று என்றால் -1000. சி.டி. கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால்தான் அதை அழைக்கிறோம். அந்தத் துண்டில் வைரம் -100-ஐ ஒட்டி வந்தது. கெட்ட மேற்புறம் -600. நுரையீரல் படத்தில் பார்த்துப் பழகிய எண் அது. "மொத்தமும் போச்சு" என்ற சொல்லுக்கு அன்றைக்கு இந்த ஒரு படம் பதில் சொல்லியிருக்கும்.

மரமும் எக்ஸ்ரேயும் இவ்வளவு பொருந்திப்போவது தற்செயல் இல்லை. நன்றாக உலர்ந்த தேக்கு தண்ணீரின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். இலுப்பை தண்ணீரை நெருங்கும். மனித உடம்பும் கிட்டத்தட்ட தண்ணீர்தான். ஆக, உடம்புக்கென்று செய்த கருவி மரத்துக்கும் அளவாக அமைந்துவிட்டது. சொல்லப்போனால் இந்த உறவு முதல் நாளிலேயே தொடங்கியது. 1895 நவம்பரில் ராண்ட்கன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தபோது சோதித்துப் பார்த்த பொருள்களில் மரப்பலகையும் ஒன்று. மூடிய மரப்பெட்டிக்குள் இருந்த எடைக்கற்களைப் படம் பிடித்துக் காட்டினார். அவர் மனைவியின் கைப்படத்தை உலகமே அறியும். அந்த மரப்பெட்டிப் படத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பிறகு மரத்துக்காகவே எக்ஸ்ரேயைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1960-களில் பிரான்சின் நான்சி நகரில் உபேர் போல்ஜ் என்ற ஆய்வாளர், மரத்திலிருந்து மெல்லிய சில்லுகளை எடுத்து எக்ஸ்ரே ஃபிலிமில் வைத்து, ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் அடர்த்தியையும் அளந்தார். மழை நன்றாகப் பெய்த வருடம், வறண்ட வருடம், குளிர்ந்த கோடை எல்லாம் மரத்துக்குள் அடர்த்தியாகப் பதிந்திருக்கிறது என்பதைப் படிக்க அது வழிவிட்டது. நம் பக்கமும் இது இருக்கிறது. கேரளத்துப் பழைய தேக்குகளின் வளையங்களை வைத்துப் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் 500 ஆண்டுக்கு மேற்பட்ட பருவமழை வரலாற்றைப் படித்திருக்கிறார்கள். நாம் விறகாக்கும் ஒவ்வொரு பழைய தேக்குச் சட்டத்திலும் அப்படி ஒரு மழைக்கணக்கு இருக்கலாம். அடுப்பில் போனால் போனதுதான்.

அடுத்தது, ஆசாரிமார் ரசிப்பார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரே எடை, ஒரே அடர்த்தி உள்ள இரண்டு சட்டங்களில் ஒன்று விறைப்பாக நிற்கும், இன்னொன்று பாரம் வைத்தால் தொய்யும். ஏன்? மரத்தின் ஒவ்வொரு நாரும் ஒரு நுண்ணிய குழாய். அந்தக் குழாயின் சுவரில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் சுற்றிச் சுற்றிப் படிந்திருக்கின்றன. தேர்வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புரிகள் வடத்தின் நீளத்தோடு ஒட்டி, கிட்டத்தட்ட நேராக ஓடினால் இழுக்கும்போது வடம் நீளாது. புரி அதிகமாகக் குறுக்கே சுற்றியிருந்தால், இழுக்க இழுக்க வடம் நீண்டுகொடுக்கும். மரத்திலும் அதே கதைதான். நுண்ணிழை நாரின் நீளத்தோடு எவ்வளவு சின்னக் கோணத்தில் போகிறதோ அவ்வளவு விறைப்பு. இந்தக் கோணத்தைச் சாதாரண எக்ஸ்ரே படம் காட்டாது. செல்லுலோஸ் படிக அமைப்பு உள்ளது என்பதால், அதன்மேல் பட்ட எக்ஸ்ரே குறிப்பிட்ட திசைகளில் சிதறும். சிதறிய கோலத்தை வைத்துக் கோணத்தைக் கணக்கிடலாம். ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் ராபர்ட் எவன்ஸ் குழுவினர் இந்தக் கோணத்தையும் அளக்கும் சில்விஸ்கேன் என்ற கருவியை உருவாக்கினார்கள். மரத்தை வெட்டாமல், துளைத்து எடுத்த விரல் தடிமன் தண்டிலிருந்தே அடர்த்தி, இந்தக் கோணம், விறைப்பு மூன்றையும் சொல்லிவிடும்.

இளமரத்தில் இந்தக் கோணம் பெரிதாக இருக்கும். வயதாக ஆகக் குறையும். "குருத்துப் பக்கத்து மரத்தை உத்தரத்துக்கு வைக்காதே" என்று அப்பா சொல்வார். ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. அகத்தே காழ், அதாவது வைரம், உள்ளதைத்தான் மரம் என்று பிரித்துவைத்த மொழி நம்முடையது. அந்தக் காழை நேரில் பார்க்க இப்போது ஒரு கருவி கிடைத்திருக்கிறது.

ஐரோப்பாவில் பெரிய அறுவை மில்களில் மரத்தடி ரம்பத்துக்குப் போவதற்கு முன்பே ஓடும் பெல்ட்டில் சி.டி. எடுக்கிறார்கள். கணு எங்கே, வெடிப்பு எங்கே, உள்ளே இரும்புத்துண்டு இருக்கிறதா என்று பார்த்து, எந்தப் பக்கம் திருப்பி அறுத்தால் நல்ல பலகை அதிகம் கிடைக்கும் என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. அது வியாபாரம். நம் தேருக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை.

நமக்கு நெருக்கமான உதாரணம் வயலின்தான். 300 வருடப் பழமையான ஸ்ட்ராடிவாரி வயலின்களைச் சுரண்டியோ துளைத்தோ சோதிக்க யாரும் விடமாட்டார்கள். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பெரெண்ட் ஸ்டூல் என்பவர், நுரையீரல் நோயாளிகளின் சி.டி. படத்திலிருந்து நுரையீரல் அடர்த்தியைக் கணக்கிட மென்பொருள் எழுதியவர். வயலின் செய்யும் டெர்ரி போர்மனோடு சேர்ந்து அதையே மரத்துக்கு மாற்றி எழுதினார். பழைய இத்தாலிய வயலின்களையும் புது வயலின்களையும் சி.டி.யில் வைத்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. சராசரி அடர்த்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வளையத்திலும் முன்பருவத்தில் வளர்ந்த மென்மரத்துக்கும் பின்பருவத்தில் வளர்ந்த வன்மரத்துக்கும் இடையே உள்ள அடர்த்தி வேறுபாடு பழைய வயலின்களில் குறைவு. ஒரு கீறல்கூட விழாமல் கிடைத்த தகவல் இது. நுரையீரல் மென்பொருள் வயலினுக்குப் போகலாம் என்றால் யாளிக்கு வரக்கூடாதா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது இரும்பு போல்ட் சம்பந்தப்பட்டது. 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய வாசா என்ற ஸ்வீடன் நாட்டு மரக்கப்பலை 1961-இல் கடலிலிருந்து மேலே கொண்டுவந்து ஸ்டாக்ஹோமில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் மரத்தின்மேல் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புப் பூத்தது. எக்ஸ்ரே முறைகளில் ஆராய்ந்தபோது, கடல்நீரிலிருந்து ஊறிய கந்தகம் டன் கணக்கில் மரத்துக்குள் இருப்பதும், அது அமிலமாக மாறிக்கொண்டிருப்பதும், கப்பலில் இருந்த இரும்பு அதற்குத் துணைபோவதும் தெரிந்தது. பிறகு ஆயிரக்கணக்கான போல்ட்டுகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றினார்கள். நம் தேர் கடலில் கிடக்கவில்லை, கந்தகமும் இல்லை. ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும் இரும்பு தன்னைச் சுற்றியுள்ள மரத்தைக் கறுப்பாக்கி மெல்ல உதிரவைப்பது நம் ஆசாரிமாருக்குத் தெரியாத விஷயம் இல்லை. தேருக்குள் எந்தப் போல்ட்டைச் சுற்றி மரம் எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில் இரும்பு வெள்ளையாகப் பளிச்சென்று நிற்கும். சுற்றிலும் மரம் உளுத்துப்போயிருந்தால் அது கரும்பட்டையாகத் தெரியும்.

சரி, நம் ஊரில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள்.

முழுத் தேரையும் சி.டி.க்குள் தள்ள முடியாது என்பது எனக்கும் தெரியும். 12 அடி நீளம், ஓர் அடி சதுரம் உள்ள இலுப்பைச் சட்டம் 300 கிலோவை நெருங்கும். எங்கள் மேசை தாங்குவது சுமார் 200 கிலோ. துவாரத்தின் விட்டம் 70 சென்டிமீட்டர். ஆகவே சி.டி. என்பது சிற்பப் பலகைகளுக்கும், போதிகைகளுக்கும், சின்னச் சட்டங்களுக்கும்தான். பெரிய சட்டங்களுக்குக் கொட்டகையிலேயே வைத்து எடுக்கும் எக்ஸ்ரே போதும். ஒரு பக்கம் எக்ஸ்ரே குழாய், மறுபக்கம் டிஜிட்டல் தகடு. ஆஸ்பத்திரி வார்டில் படுக்கைக்கே தள்ளிக்கொண்டு போய் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே அடிப்படைதான்.

இதற்கு ஆளும் நம்மிடம் உண்டு. திருச்சி பக்கம் பாய்லர் தொழிற்சாலைகளைச் சுற்றி வெல்டிங்கைக் கதிர்ப்படம் எடுத்துச் சோதிக்கும் தொழில்நுட்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இரும்பு வெல்டிங்குக்கு வைக்கும் இரிடியம்-192 காமாக்கதிர் மரத்துக்கு ஆகாது. அதன் ஆற்றல் அதிகம். மரத்தை ஊடுருவிக்கொண்டு போய்விடும், நல்ல மரத்துக்கும் கெட்ட மரத்துக்கும் படத்தில் வித்தியாசம் நிற்காது. குறைந்த கிலோவோல்ட்டில் இயங்கும் எக்ஸ்ரே குழாய்தான் வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும், பயிற்சி பெற்ற ஆளும், எடுக்கும் நேரத்தில் கொட்டகையைச் சுற்றி ஆள் நடமாட்டம் இல்லாத ஏற்பாடும் கட்டாயம். இதில் சலுகை கேட்கவே கூடாது.

கதிர் பட்ட மரத்தில் ஏதாவது தங்கிவிடுமோ, சுவாமி எழுந்தருளும் இடத்தில் அப்படிச் செய்யலாமா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். தங்காது. விளக்கை அணைத்தால் வெளிச்சம் அறையில் தங்குகிறதா? அப்படித்தான். சுவிட்சை அணைத்த நொடியில் எக்ஸ்ரே இல்லை. மரபைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், திருவாரூர் ஆழித்தேரின் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தவை. ஓட்டத்தைப் பத்திரமாக்க இரும்பையும் எண்ணெய் அழுத்தத்தையும் தேர் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயோ தேரில் எதையும் சேர்ப்பதுகூட இல்லை, பார்த்துவிட்டுப் போகிறது.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கு ஒரு படம் ஏமாற்றியதும் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிடுவீர்கள். சாதாரண எக்ஸ்ரே ஒரு நிழல்தான். கதிர் போகும் திசைக்குக் குறுக்கே படுத்திருக்கும் மெல்லிய வெடிப்பு அதில் தெரியாமல் போகலாம். ஆகவே குறைந்தது இரண்டு பக்கத்திலிருந்து எடுக்கவேண்டும். ஈரம் படத்தைக் குழப்பும். அழுகிய இடத்தில் தண்ணீர் நிறைந்திருந்தால் அது நல்ல மரம்போல வெள்ளையாகக் காட்டும். மரம் உலர்ந்த பிறகு எடுப்பதுதான் முறை, ஈரப்பதத்தையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: சில வகைப் பூஞ்சை அழுகலில் மரத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாத நிலையிலேயே வலிமையில் பெரும்பகுதி போய்விடும். அடர்த்தியைப் பார்க்கும் எக்ஸ்ரே அந்தத் தொடக்க நிலையைத் தவறவிடலாம். அங்கேதான் சுத்தியலும் காதும் வேண்டும். மரத்தில் ஓர் அதிர்வைத் தட்டி எழுப்பி, மறுமுனைக்கு அது எவ்வளவு வேகத்தில் வந்து சேர்கிறது என்று அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அப்பா சுத்தியலால் செய்ததும் அதுதான்.

அதனால் ஆசாரிமாருக்கு என் தனிப்பட்ட வேண்டுகோள். இந்தப் படம் உங்கள் கையை ஓரங்கட்ட வருகிறது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். எங்கே எடுப்பது என்று சொல்லப்போவதே நீங்கள்தான். தட்டிப் பார்த்து "இங்க பேசல" என்று நீங்கள் சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தில் தகடு வைக்கட்டும். படம் வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் முதல் நாற்காலி உங்களுக்கு. எனக்கு நிழல் தெரியும், அந்த நிழல் உளுப்பா, கணுவா, போன ஆசாரி வைத்த ஒட்டா என்று உங்களுக்குத்தான் தெரியும். இலுப்பைத் துண்டின் படத்தில் ஓர் இடத்தில் நான் வெடிப்பு என்று நினைத்ததை அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் பார்த்த உடனே சொன்னார், "அது வெடிப்பு இல்ல தம்பி, ஒட்டு. ஆப்பு வச்சு இறுக்கியிருக்கான் பாரு." உற்றுப் பார்த்தால் ஆப்பின் ரேகை வேறு திசையில் ஓடுகிறது. நூறு முறை பார்த்த படத்தில் எனக்கு அது தெரியவில்லை.

துறையிடம் கேட்பதையும் குறிப்பாகச் சொல்கிறேன். தேரோட்டத்துக்கு முன்னால் பொதுப்பணித் துறை இன்ஜினியர்கள் வந்து பார்த்து உறுதிச் சான்று தருகிறார்கள். அந்தச் சான்றோடு, பாரம் தாங்கும் சட்டங்களின் எக்ஸ்ரே படங்களையும் ஒரு முறையாவது சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருடமும் வேண்டாம். தேர் பிரித்துக் கோக்கப்படும்போது, அல்லது புதிதாகக் கட்டும்போது எடுத்தால் போதும். அப்போதுதான் சட்டங்கள் தனித்தனியாகக் கைக்கு வரும். அடுத்த திருப்பணியில் அதே சட்டத்தின் படத்தை மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். வண்டு வழி நீண்டிருக்கிறதா, அப்படியே நின்றுவிட்டதா என்று தெரியும். என் வேலையில் நோயாளியின் பழைய படம்தான் டாக்டர் முதலில் கேட்பது. தேருக்கும் அப்படி ஒரு கோப்பு வேண்டும்.

பழைய சிற்பப் பலகைகளைப் பொறுத்தவரை இன்னும் உறுதியாகக் கேட்கிறேன். செதுக்கு வேலை உள்ள எந்த மரத்தையும் உள்ளே பார்க்காமல் கழிக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும். மேற்புறம் கெட்டு உள்ளே நன்றாக இருந்தால், கெட்டதை மட்டும் நீக்கி, வலுவூட்டி, திரும்ப வைக்கும் முறைகள் இருக்கின்றன. அடுப்பில் போன யாளிக்கு எந்த முறையும் கிடையாது.

இதற்கான அறிவு வெளிநாட்டில்தான் இருக்கிறது என்பதில்லை. பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் 1906-லிருந்து இயங்குகிறது, மர மாதிரிகளின் பெரிய சேகரிப்பு அங்கே உண்டு. நம் கோவையிலேயே வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. இந்தூரில் உள்ள இந்தஸ்-2 சின்க்ரோட்ரானில், அதாவது மிகத் தீவிரமான எக்ஸ்ரே தரும் பெரிய ஆய்வுக் கருவியில், நுண்ணிய எக்ஸ்ரே படம் எடுக்க ஓர் அமைப்பே இருக்கிறது. இலுப்பைக்கும் வேங்கைக்கும் தேர்த்தேக்குக்கும் நல்ல நிலையில் அடர்த்தி எவ்வளவு, எந்த எண்ணுக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும் என்று ஓர் அட்டவணை வேண்டும். இலுப்பையில் ஆண்டு வளையம் தேக்கைப்போலத் தெளிவாகத் தெரியாது. அதைப் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். இதற்கெல்லாம் இந்த நிறுவனங்களைக் கூப்பிட்டுப் பேசினாலே பாதி வேலை முடியும். தொடங்குவதற்கு ஒரே ஒரு தேர் போதும். பிரித்து வைத்திருக்கும் ஏதாவது ஒரு சிறு தேரை எடுத்துக்கொண்டு, ஓர் ஆசாரி, ஓர் இன்ஜினியர், ஒரு கதிர்ப்படத் தொழில்நுட்பர், மரம் தெரிந்த ஓர் ஆய்வாளர் நாலு பேரையும் ஒரு வாரம் ஒரே கொட்டகையில் உட்காரவையுங்கள்.

அந்த இலுப்பைத் துண்டும், அதன் 400-க்கு மேற்பட்ட வெட்டுப் படங்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எந்த அலுவலகத்துக்குக் கூப்பிட்டாலும், எந்தக் கொட்டகைக்குக் கூப்பிட்டாலும் லீவு போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு வருகிறேன். எங்கள் ஊர்த் தேரை வருகிற தை மாதத்துக்குப் பிறகு பிரிக்கப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். பிரிப்பதற்கு முன்னால் சொல்லியனுப்பினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தேர்த்தச்சர் ஒருவரின் மகன்,
சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன்